மோட்டார தள்ளிட்டு வந்த கூட்டாளிங்களுக்கு

சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம். பையன் பொறந்து இன்னியோட 26 நாளு. முதல் வாரமே எழுத வேண்டிய நன்றி, இப்பதான் ஒரு கை சும்மா இருக்கு. பேரு போட்டா வீட்டுக்கே வந்து அடிப்போம்னு கூட்டாளிங்க மிரட்டி வச்சிருக்கானுங்க, அதனால பேரு இல்ல, அவனவனுக்கு தெரியும்.

மொதல்ல எங்க ஆபீஸ் கிளார்க்கு, கிராணி அண்ணனுக்கு. வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம் நடக்கும்போதே ஒட்டுக்கடையில என்ன புடிச்சு உக்கார வச்சு, "தம்பி, நம்ம மலேசியாவுல 2023லருந்து அப்பனுக்கும் 7 நாள் சம்பளத்தோட லீவு உண்டு, ஆனா 30 நாளைக்கு முன்னாடியே முதலாளிக்கிட்ட சொல்லணும், இப்பவே எழுது"ன்னு பேனாவ கையில குடுத்தாரு. நானும் தே தாரேய குடிச்சிக்கிட்டே எழுதினேன். அவரு மட்டும் இல்லன்னா நான் பிள்ளை பொறந்த அன்னிக்குதான் மேனேஜர்கிட்ட போய் தலைய சொறிஞ்சிக்கிட்டு நின்னுருப்பேன்.

ஆனா அந்த 7 நாளுல 5 நாளு ஆஸ்பத்திரியிலயே போயிருச்சு. பையனுக்கு ஜி6பிடி, அதாவது ரத்த அணு உடையாம காக்கிற ஒரு நொதி, கொறைவுன்னு ரத்தத்துல தெரிஞ்சுது, மஞ்சக்காமாலை ஏறுதான்னு பாக்கணும்னு அஞ்சு நாளும் வார்டுலயே வச்சுக்கிட்டாங்க. தாயும் பிள்ளையும் உள்ள, நான் கார் பார்க்குல. ராத்திரி சீட்ட சாச்சு படுத்தா கொசு பிடுங்குது, ஆனா ஒரு ராத்திரி கூட தனியா படுக்கலங்க. பழம் லோரி ஓட்டுறவன் ஷிப்ட் முடிஞ்ச கையோட ஈப்போவுக்கு வந்து பக்கத்து சீட்டுல குறட்டை விட்டான், காலையில எழுப்பினா "நீ தூங்கு, நான் பாத்துக்கிறேன்"னு கண்ணையே தொறக்காம சொல்றான். எதடா பாத்துக்கிற?

அப்புறம் அந்துருண்டை கதை. ஜி6பிடி பிள்ளை இருக்கிற வீட்டுல அந்துருண்டை ஆகவே ஆகாது, அந்த வாடை பட்ட துணிய போட்டாலே ரத்த அணு உடைஞ்சு மஞ்சள் ஏறிடும்னு மிஸ்ஸி, அதான் நர்ஸம்மா, நல்லா வெவரமா சொன்னாங்க. எனக்கு பகீர்னு இருந்துச்சு. ஏன்னா எங்கம்மா தொட்டில் கட்டுறதுக்கு, லாம்பின் (இடுப்புத்துணி) வெட்டுறதுக்குன்னு பழைய காட்டன் சேலை எல்லாத்தையும் ஆறு மாசமா பெட்டியில பூட்டி வச்சிருந்தாங்க, மூலைக்கு நாலு உருண்டை போட்டு. ராத்திரி பத்து மணி இருக்கும், கார் பார்க்குலருந்தே கூட்டாளிக்கு போன் அடிச்சேன். அவனும் அவன் சம்சாரமும் அப்பவே எங்க வீட்டுக்கு போய் அலமாரி, பெட்டி, மெத்தைக்கு அடியில எல்லாம் தேடி எடுத்துட்டாங்க. மொத்தம் 31 உருண்டை. எண்ணி போட்டோ வேற எடுத்து அனுப்பினான், கிறுக்கன். எங்கம்மா "என் சேலைய தூக்கிட்டு போறாளே"ன்னு மூஞ்ச தூக்கிட்டாங்களாம், அந்த புள்ளதான் பக்கத்துல உக்காந்து, "பேரனுக்கு ஆகாதும்மா, நாம புதுசா வாங்கிக்கலாம்"னு சொல்லி சொல்லி சமாதானப்படுத்தி, மறுநாளே பாசார் மாலாம் ராத்திரி சந்தையில ரெண்டு பாத்தேக் சாரோங் வாங்கி மூணு தடவை அலசி காயப்போட்டுச்சு. இப்ப தொட்டில்ல ஆடுறது அந்த சாரோங்தான். தங்காச்சி, உனக்கு நான் என்ன சொல்றதுன்னே தெரியல.

புந்தோங்லருந்து கச்சாங் பூத்தே (கடலை, பயறு கலவை) வாங்கிட்டு வந்த ஆளையும் சொல்லணும். அதுல கலந்திருக்கிற கச்சாங் பாராங், அதான் ஃபாவா பீன்ஸ், அதுவும் பிள்ளைக்கு ஆகாது, பால் குடுக்கிறவ சாப்பிடக்கூடாதுன்னு சொன்னோமா, உடனே நாளிதழ விரிச்சு மொத்த பாக்கெட்டையும் கொட்டி ஒவ்வொண்ணா பொறுக்கினான். பொறுக்கினதெல்லாம் அவன் வாயிக்குள்ள போச்சு, அது வேற விஷயம்.

தினம் பூண்டு, மொளகு போட்டு பத்திய குழம்பு வச்சு அனுப்பின கோயில் தெரு அக்காவுக்கும், 60 நாளு கெடு இருக்குன்னு நான் அசந்து கெடந்தப்ப பொறப்பு பதியிற ஜேபிஎன் ஆபீசுக்கு இழுத்துட்டு போய் பேரு பதிய வச்ச மச்சானுக்கும் நன்றி.

ஒண்ணு மட்டும் மனசுல நிக்குது. வீட்டுக்கு வந்த மூணாவது ராத்திரி, பையன இப்பதான் தூங்க வச்சிட்டு வாசல்ல நிக்கிறேன், முனீஸ்வரன் கோயில் சிம்பாங்ல (முச்சந்தியில) மூணு மோட்டார் லைட்டு வந்து பட்டுன்னு அணைஞ்சுது. என்னடான்னு பாத்தா மூணு பேரும் எஞ்சின நிறுத்திட்டு மோட்டார தள்ளிட்டு வரானுங்க. காந்தி கலாசாலையில படிச்ச காலத்துலருந்து சத்தம் போடாம ஒரு எடத்துக்கும் போகாத பயலுங்க இவனுங்க, எக்சாஸ்ட் மாத்தி போலீஸ்கிட்ட சம்மன் வாங்கினவனும் அதுல ஒருத்தன். கையில பொங்குஸ் பண்ண (பொட்டலம் கட்டின) மீ கோரேங். திண்ணையில குசுகுசுன்னு பேசிட்டு, சாப்பிட்ட பேப்பர கூட கசக்காம மடிச்சு எடுத்துக்கிட்டு, திரும்ப சிம்பாங் வரைக்கும் தள்ளிட்டு போனானுங்க. நான் முன்னாடி, கல்யாணம் ஆகி பிள்ளை பெத்துக்கிட்டா கூட்டாளிங்கள மறந்துருவானுங்கன்னு இவனுங்களையே கிண்டல் பண்ணியிருக்கேன். மன்னிச்சிருங்கடா.

வர்ற சனிக்கிழமை முப்பதாவது நாளு, எல்லாரும் மத்தியானம் வந்துருங்க. வரும்போது ஒரு விஷயம்: எங்க வீட்டுல ரெண்டு டிபன் கேரியர், ஒரு நீல கலர் பிளாஸ்க், மூடி இல்லாத ஒரு தப்பர்வேர் கெடக்குது. கேட்டா ஒருத்தனும் என்னுதுன்னு சொல்ல மாட்டேங்கிறான். மூடி வச்சிருக்கிறவங்க அதையாவது கொண்டு வாங்க.