ஒரு ஆணி அடிச்சு மாட்டுடி

கண்ணம்மா,

நேத்து வீடியோ கால்ல நீ பேசிட்டே இருந்த, நான் உன் பின்னாடி இருந்த சுவரைத்தான் பாத்துட்டு இருந்தேன். நாலு வருஷமாச்சு அந்த வீட்டுக்குப் போயி, இன்னும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வெள்ளையா கெடக்கு. நான் வந்தப்ப ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல வாங்குனோமே, பால் ஊத்துற பொண்ணு போஸ்டர், அது இன்னும் பீரோ மேல சுருட்டுனபடியேதான இருக்கு?

அன்னிக்கு நீ ஆபீஸ் கால்ல வெளிய போயிட்ட, நான் அரை மணி நேரம் அந்தப் படத்தோட அசல் முன்னாடியே நின்னேன், வெர்மீர்னு ஒரு டச்சு ஓவியர் வரைஞ்சது. ஒன்றரை அடி கூட இல்ல, ஆனா கூட்டம் பூரா அதுகிட்டதான். பாலு எப்படி வருதுன்னு பாத்தியா, நூல் மாதிரி. ஜாடிய அவ்ளோ நிதானமா சாய்க்க பழகின கைக்குத்தான் வரும். அந்தக் கையும் பாரு, மேல வெளுப்பு, கீழ வேலை செஞ்சு செவந்து கெடக்கு. பழைய ரொட்டியில பால் ஊத்தி ஏதோ கிண்டப் போறாளாம், நாம மிஞ்சின இட்லிய உதுத்து உப்புமா பண்ற மாதிரின்னு வச்சுக்கோ.

நான் அதிகமா பாத்தது அவளை இல்லடி, மேல சுவத்துல இருக்கிற ஆணிய. ஒண்ணும் மாட்டாத வெறும் ஆணி, அதோட நிழலு, பக்கத்துல ஆணி புடுங்குன ஓட்டை. அவ தலைக்குப் பின்னாடி மொதல்ல ஜாடி மாட்டுற பலகை ஒண்ணு வரைய ஆரம்பிச்சு அப்புறம் அழிச்சிருக்காராம் வெர்மீர், 2022ல ஸ்கேன் பண்ணிச் சொன்னாங்க. பலகைய அழிச்ச மனுஷன் ஆணிய விட்டு வச்சிருக்காரு!

வந்து அதை யாரு வாங்கினதுன்னு தேடிப் படிச்சேன். வெர்மீரோட ஊரு டெல்ஃப்ட்ல மரியா டெ க்னைட், பீட்டர் வான் ராய்வன்னு வசதியான புருஷன் பொண்டாட்டி. வெர்மீர் வரைஞ்சதுல சுமாரா பாதி இவங்க வீட்டுலதான் இருந்திருக்கு. இவ்ளோ காலம் புருஷன் பேரைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க, 2023ல பெரிய கண்காட்சி வச்சப்பதான் ரசனை அந்தம்மாவோடதா இருக்கும்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. எனக்கு ஆச்சரியமே இல்ல, வீட்டுக்குள்ள எது அழகுன்னு எந்தப் புருஷனுக்குத் தெரியும் (உங்கப்பாகிட்ட இதைக் காட்டாத). 1665ல எழுதுன உயில்ல அந்தம்மா வெர்மீருக்கு 500 கில்டர் (அந்தக் காலத்து டச்சுக் காசு) எழுதி வச்சுது. ஆனா பாவம், அந்தம்மா போனது 1681ல, வெர்மீர் 1675லயே போயிட்டாரு, 43 வயசு, பதினோரு பிள்ளைங்க. ரொட்டிக்கடை பாக்கியே 600 கில்டருக்கு மேல, அதுக்கு அவரு சம்சாரம் ரெண்டு படத்தைக் கடைக்காரர்கிட்டயே குடுத்துச்சு. ரொட்டிய அப்படி வரைஞ்ச ஆளுக்கு ரொட்டிக்கடையில பாக்கி! நம்ம மளிகைக்கடை நோட்டு ஞாபகம் வந்துருச்சு எனக்கு.

அந்தம்மாவோட மகளும் அடுத்த வருஷமே செத்துப்போச்சு, படமெல்லாம் மருமகன் கைக்குப் போயி, 1696ல ஆம்ஸ்டர்டாம்ல ஏலம். 21 வெர்மீர். நம்ம பால் பொண்ணு 175 கில்டருக்குப் போனா, அவளைவிட ஒசத்தி விலை டெல்ஃப்ட் ஊரு படத்துக்கு மட்டும்தான், 200. அப்புறம் எத்தனையோ வீடு மாறி 1908லதான் மியூசியத்துக்கு வந்திருக்கா. அதுக்கு முன்னாடி இருநூறு வருஷத்துக்கு மேல யாரோ ஒருத்தர் வீட்டுச் சுவத்துல, அவங்க சாப்புடுறப்ப தூங்குறப்ப எல்லாம் பால் ஊத்திக்கிட்டே இருந்திருக்கா.

நீ பொறந்த வீட்டுல ஓனரம்மா சுவத்துல ஆணி அடிக்கக்கூடாதுன்னுட்டாங்க, உனக்கு ஞாபகம் இருக்காது. பதினோரு வருஷம் ஒரே ஒரு ஆணி, அதுல தினசரி காலண்டர். உங்கப்பா சம்பளத்துல ஆசையா வாங்கிட்டு வந்த மயில் படம் ட்ரங்க் பெட்டிக்குள்ளயே கெடந்து, ஒருநாள் எடுத்துப் பாத்தா பூச்சி அரிச்சு தோகையே இல்ல.

உன் வீட்டு அக்ரிமெண்ட்ல ஆணி அடிக்கலாம்னுதான் இருக்குன்னு நீயே சொன்ன. சனிக்கிழமை பக்கத்து வீட்டுல சுத்தியல் வாங்கு, ஃபிரேம் போட்டு மாட்டு. அடுப்புகிட்ட வேணாம், ஆவி பட்டு நமுத்துப் போயிரும். சாப்பாட்டு மேஜைக்கு எதுத்தாப்ல நல்லா இருக்கும். மாட்டிட்டு போட்டோ அனுப்பு, கோணலா இருந்தா சொல்றேன்.

அம்மா