“அந்த ஸ்கூலா?” என்று கேட்ட தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கு

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும்,

வணக்கம். போன மாதம் வாசலில் காரை நிறுத்தி மகள் இறங்குவதற்குள் ஓர் அக்கா கேட்டுவிட்டார்: “அந்தக் குட்டி ஸ்கூல்லயா போட்டிருக்கீங்க? படிப்பு ஏறாத பசங்கதானே அங்க போவாங்க?” கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியும். கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்கு வந்த நாளிலிருந்து நாம் பேசுகிற பாஷையே அதுதான். ஸ்கூல் டிஸ்ட்ரிக்டை, அதாவது எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறது என்பதைப் பார்த்துத்தான் வீடு வாங்குகிறோம். பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்றால் சமையலறையில் தண்ணீர் ஒழுகினாலும் பரவாயில்லை. நானும் அப்படி வாங்கியவன்தான்.

ஆனால் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மதியம் வரை வாய் திறக்கவில்லை. அதனால்தான் இந்த மடல். எதைப் பார்த்து அந்தச் சின்ன சார்ட்டர் பள்ளியில் சேர்த்தோம் என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். சார்ட்டர் பள்ளி என்றால் பலர் தனியார் பள்ளி என்று நினைக்கிறார்கள். அரசுப் பணத்தில் நடப்பது அது. கட்டணம் கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். நிர்வாகம் மட்டும் தனி வாரியத்தின் கையில். முதல் சட்டம் 1991-இல் மினசோட்டாவில் வந்தது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் திறந்த சிட்டி அகாடமிதான் நாட்டின் முதல் சார்ட்டர் பள்ளி, படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்காகத் தொடங்கியது. அதே 1992-இல் கலிஃபோர்னியாவும் சட்டம் போட்டது. ஆக, அக்கா கேட்டதில் பாதி சரித்திரம் இருக்கிறது. என் மகளின் வகுப்பிலும் இரண்டு பள்ளி மாறி வந்தவர்கள் உண்டு. அவர்களைக் கண்டு பயப்படும்படி எனக்கு ஒன்றும் படவில்லை.

சார்ட்டர் நல்லதா கெட்டதா என்ற பொதுக் கேள்வியில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு 2009-இல் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் வழக்கமான அரசுப் பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் கீழ், மீதி வித்தியாசமில்லை என்றது. 2023-இல் அதே குழு சராசரியில் சார்ட்டர்கள் சற்று முன்னே என்றது. சராசரியில் யாருடைய பிள்ளை படிக்கிறது?

நாங்கள் மார்க் பார்க்காமல் சேர்த்தோம் என்றும் நினைக்க வேண்டாம். பள்ளிகளின் நிலையை வண்ணத்தில் காட்டும் மாநிலத் தளமான டாஷ்போர்டைத்தான் முதலில் திறந்தேன். பாதிக் கட்டங்கள் வெறுமை. ஒரு மாணவர் பிரிவில் 30 பேருக்குக் குறைந்தால் வண்ணம் தர மாட்டார்கள், 11 பேருக்குக் குறைந்தால் எண்ணையே மறைத்துவிடுவார்கள். இந்தப் பள்ளியில் மொத்தமே 118 பேர். போன ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 24 பேர். ஒரு பையன் தேறாமல் போனால் தேர்ச்சி நாலு சதவீதம் இறங்கும். அடுத்த ஆண்டு அவன் மாதிரி யாரும் இல்லையென்றால் ஏறிவிடும். இந்தப் பள்ளிக்குப் பத்துக்கு நாலு என்று இணையத்தில் போட்டிருப்பது இப்படி ஏறி இறங்கும் எண்ணை வைத்துத்தான். பெரிய பள்ளியை எண்ணை வைத்துப் பார்க்கலாம். சின்னப் பள்ளியைக் காகிதத்தையும் ஆட்களையும் வைத்துத்தான் பார்க்க முடியும்.

காகிதம் என்றால், வீடு வாங்கும்போது பத்திரம் பார்ப்போமே, அப்படி. சார்ட்டர் என்பது காலாவதித் தேதி போட்ட அனுமதி. கலிஃபோர்னியாவில் முதல் அனுமதி அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு. அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இந்தப் பள்ளிக்கு 2028 ஜூனில் முடிகிறது. மகள் பன்னிரண்டு முடிப்பது 2029-இல். அதாவது அவள் பதினொன்றாம் வகுப்பு முடிக்கும்போது பள்ளியின் தலையெழுத்து தெரியும். இதை எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் அச்சடிக்கவில்லை. நாங்களாகக் கேட்டோம், முதல்வர் மறைக்காமல் தேதியைச் சொன்னார்.

அடுத்தது வாரியக் கூட்டம். 2019-இல் வந்த சட்டத்தின்படி சார்ட்டர் வாரியங்களும் கூட்டத்தைப் பொதுவில் நடத்த வேண்டும், நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். ஒரு செவ்வாய் மாலை போய் உட்கார்ந்தேன். நூலக அறையில் ஏழு நாற்காலி அவர்களுக்கு, பார்வையாளருக்கு நான்கு. வந்திருந்த பார்வையாளர் நான் ஒருவன்தான். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி: பட்ஜெட்டில் எதிர்பார்த்தது 135 மாணவர், வந்தது 118. இங்கே மாநிலம் பணம் தருவது தினசரி வருகைக் கணக்கில். ஒரு மாணவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் என்று வைத்தால்கூட, 17 பேர் குறைந்தது ஏறக்குறைய இரண்டு ஆசிரியர் சம்பளம். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இருக்கிறது என்று கணக்காளர் சொன்னார். தணிக்கை அறிக்கையை வாங்கிச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன், தூங்கினேன்.

ஆட்கள் விஷயத்தில்தான் சின்னப் பள்ளி ஜெயிக்கும், அல்லது கவிழும். இங்கே கணக்கு வாத்தியார் ஒருவர்தான். அவர் வேலையை விட்டால் கணக்குத் துறையே ராஜினாமா செய்த மாதிரி. “மூணு வருஷத்துல எத்தனை டீச்சர் போனாங்க?” என்று கேட்டேன். “பதினொன்றில் நான்கு பேர்” என்று முதல்வர் காரணத்தோடு சொன்னார்: இருவருக்கு வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை, ஒருவர் மேற்படிப்பு, ஒருவரை அவரே அனுப்பியிருக்கிறார். நாங்கள் பார்த்த இன்னொரு பள்ளியில் இதே கேள்விக்கு “எங்கள் குழு ஒரு குடும்பம்” என்றார்கள். அங்கேயே பெற்றோர் ஆண்டுக்கு 40 மணி நேரம் தொண்டு செய்வதாகக் கையெழுத்தும் கேட்டார்கள். பெற்றோர் உழைப்பைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் இருப்பதைச் சொன்னேன். “எல்லாரும் போடுறாங்களே” என்றார்கள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) பற்றித்தான் அடுத்த கேள்வி வரும், தெரியும். அங்கே சேர உயர்நிலைப் பள்ளியில் படித்தாக வேண்டிய பாடங்களை ஏ முதல் ஜி வரை எழுத்துவாரியாகப் பிரித்த ஏ-ஜி பட்டியலை யூசியின் தளத்தில் பள்ளிவாரியாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படிக்க வேண்டியது மொத்தம் 15 பாடங்கள், ஒவ்வொன்றும் ஓராண்டு. பள்ளியின் பிரசுரத்தில் இருக்கும் பெயருக்கு மதிப்பில்லை. பட்டியலில் அதே பாடம் எந்த எழுத்தின் கீழ் வருகிறது என்பதுதான் கணக்கு. வேதியியல் அறிவியலுக்கான ‘டி’-யில் இருந்தது. பிரசுரத்தில் பெரிதாகப் போட்டிருந்த ‘புராஜெக்ட் செமினார்’ பட்டியலிலேயே இல்லை. கால்குலஸ் இல்லை, கம்யூனிட்டி காலேஜில் (ஈராண்டுக் கல்லூரி)தான் எடுக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அங்கே யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம் பெரும்பாலும் விலக்கு, ஆனால் கூட்டிப் போய்க் கூட்டி வருவது நாம்தான். மொழிப் பாடம் ஸ்பானிஷ் மட்டும். சில பள்ளி மாவட்டங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு உலக மொழிக் கிரெடிட் கொடுக்கின்றன. சார்ட்டரில் அதை அவர்களே தீர்மானிக்க வேண்டும், எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் வாய்ச்சொல்லோடு இருந்ததில் ஒரு செமஸ்டர் இழுபறி.

இல்லாததும் நிறைய. ஆர்கெஸ்ட்ரா இல்லை, டென்னிஸ் அணி இல்லை. முப்பது பேர் வகுப்பில் ஒருத்தியோடு சண்டை வந்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை. அக்டோபரில் அப்படி இரண்டு வாரம் போனது.

அப்புறம் ஏன் சேர்த்தோம்? பழைய பள்ளியில் 2,200 பேர். எட்டாம் வகுப்பில் வாங்கிய மார்க்கோடு நன்றாகத்தான் போனாள். நவம்பரில் காலை வயிற்றுவலி ஆரம்பித்தது. ஜனவரியில் வாரம் இரண்டு நாள் லீவு. மருத்துவர் பதற்ற நோய் என்றார். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் வாயால் சொல்லவே மாதங்கள் ஆயின. ஊருக்குப் போன் செய்யும்போது இன்றும் ‘வயிற்றுவலி’தான். பழைய பள்ளியில் 504 திட்டம் (உடல், மனச் சிக்கல் உள்ள மாணவருக்குப் பள்ளி செய்து தர வேண்டிய ஏற்பாடுகள்) எழுதிக் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆறு ஆசிரியர்களில் இருவர்தான் அதைப் படித்திருந்தார்கள்.

இந்தக் குட்டிப் பள்ளியில் மகளை ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விட்டார்கள். மாலை கூட்டி வரும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். வாத்தியாரைப் பற்றியோ பாடத்தைப் பற்றியோ சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “பாத்ரூம் திறந்தே இருந்துச்சுப்பா” என்றாள். பழைய பள்ளியில் வேப் (மின் சிகரெட்) பிடிக்கிறார்கள் என்று பாதிக் கழிப்பறைகளைப் பூட்டி வைத்திருந்தார்களாம். அதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள், ஒன்றரை வருஷமாக. எனக்குத் தெரியாது. தினமும் மிச்சமாக வரும் தண்ணீர் பாட்டிலை நான்தான் தொட்டியில் கொட்டியிருக்கிறேன்.

எல்லோரும் இங்கே வந்து சேருங்கள் என்று சொல்ல வரவில்லை. பெரிய பள்ளியில் பூத்துக் குலுங்கும் பிள்ளைகளை உங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். 2028-இல் அனுமதி புதுப்பிக்காமல் போனால் என்ன செய்வேன் என்றும் கேட்கலாம். எங்கள் வீடு இருக்கும் மாவட்டத்தின் பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே அந்த வீட்டை விற்காமல் இருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பள்ளியைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் என்னிடம் கேளுங்கள். வகுப்பு முடிகிற வரை வாகன நிறுத்தத்தில்தான் இருப்பேன், தணிக்கை அறிக்கையும் காரிலேயே கிடக்கிறது. அவளிடம் வேண்டாம்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளி இரண்டாம் நிலை வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா