மரம் வெட்டக் கூலி பேசும் முன் மிஷினைப் பாருங்கள்

பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம். செயின்சா, அதாவது மரம் அறுக்கும் மிஷின், ரிப்பேர் செய்வது என் தொழில். கலாசிபாளையம் பக்கம் சின்னக் கடை. மார்ச் பிறந்தால் வாசலில் மிஷின்கள் வரிசை கட்டிவிடும். கோடைமழைக் காற்று ஆரம்பிக்கும் முன் கிளை கழித்துவிட வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஆள் தேடுவீர்கள். அந்த ஆட்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் என் கடைக்கு வருவார்கள். பாதிக்கு மேல் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். உங்கள் குடியிருப்பு கேட்டுக்கு உள்ளேயும் தமிழர்கள் குறைவில்லை என்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். கன்னடத்தில் படிக்கிறவர்களுக்கு யாராவது சொல்லிவிடுங்கள்.

மரம் ஏறுகிறவருக்கு அறிவுரை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்குத் தொழில் தெரியும். நாள் குறிப்பதும், கூலி பேசுவதும், கீழே நின்று "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா" என்று கேட்பதும் நீங்கள்தான். விபத்தில் உங்கள் பங்கு அங்கேதான் இருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

செயின்சாவின் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு நிமிர்ந்து நிற்கும். கை செயினில் படாமலிருக்க வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வேலையையும் அது செய்யும். ஆனால் அதுதான் செயின் பிரேக்கின் லிவர். உள்ளே, செயினை ஓட்டும் கிளட்ச் டிரம்மைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை இருக்கிறது. தடுப்பு முன்னால் சாய்ந்தால் பட்டை டிரம்மை இறுக்கிப் பிடிக்கும், செயின் அங்கேயே நிற்கும். மணிக்கட்டு பட்டாலும் சாயும். மிஷின் வேகமாக மேலே தூக்கி எறியப்பட்டால், யார் கையும் படாமல் தானாகவே சாயும்.

ஏன் மேலே எறியப்பட வேண்டும்? பார் என்கிறோமே, செயின் ஓடும் அந்த நீளப் பட்டை, அதன் மூக்கின் மேல்பகுதி எங்காவது பட்டால் செயினால் அறுக்க முடியாது. கடித்துக்கொண்டு நிற்கும். ஓடிவந்த வேகம் போக வழியில்லாமல் மொத்த மிஷினையும் மேலே புரட்டி, ஓட்டுகிறவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வீசும். கிக்பேக் என்பது இதுதான். முழு ஆக்சிலரேட்டரில் செயின் நொடிக்கு சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். (அவுட்டர் ரிங் ரோட்டில் பகலில் யாருக்கும் வாய்க்காத வேகம்.) மிஷின் புரண்டு வர எடுக்கும் நேரம் மனிதன் சுதாரிக்க எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு. இருபது வருஷ அனுபவம் உள்ளவருக்கும் இதில் சலுகை கிடையாது. பிரேக் ஒன்றுதான் அந்த நேரத்துக்குள் வேலை செய்யும்.

அப்படிப்பட்ட பிரேக், என் மேஜைக்கு வரும் மிஷின்களில் எந்த நிலையில் இருக்கிறது தெரியுமா? தடுப்பு உடைந்து போயிருக்கும். அல்லது கட்டுக்கம்பியால் பின்கைப்பிடியோடு இழுத்துக் கட்டியிருக்கும். சிலதில் பட்டையையே கழற்றி எறிந்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மேல கொப்புல இடிச்சு இடிச்சு பிரேக் விழுந்துடுதுண்ணா. ஒவ்வொரு வாட்டியும் இழுத்து எடுத்துவிட்டு ஓட்ட நேரமில்ல. மதியத்துக்குள்ள முடிச்சுக் கொடுன்னு ஓனர் நிக்கிறாரு." அந்த ஓனர் நீங்கள்தான். கம்பியைக் கட்டியது அவர் கை. கட்ட வைத்த அவசரம் உங்களுடையது.

ஆக, முதல் வேண்டுகோள். மிஷின் கேட்டைத் தாண்டும் முன், ஓட்டுகிறவரிடம் பிரேக்கைக் காட்டச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மிஷினை ஸ்டார்ட் செய்து, இரண்டு கையாலும் பிடித்து, செயினை ஓடவிட்டு, இடது மணிக்கட்டால் தடுப்பை முன்னால் தள்ளுவார். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு ஓடி நின்றால் பட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பிரேக்கை விடுவித்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சும்மா ஓடவிடச் சொல்லுங்கள். அப்போது செயின் சுற்றவே கூடாது. சுற்றினால் ஐடில் செட்டிங் தப்பு, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் போய்விட்டது. அந்த மிஷினை மரத்தின் மேல் அனுப்பாதீர்கள். ஒரு நிமிட வேலைதான் இது.

வேலை ஆரம்பித்த பிறகு பால்கனியில் இருந்தே பார்க்கக்கூடிய இன்னொன்று உண்டு. கீழே கொட்டுவது செதிலா, தூளா? செயின் கூராக இருந்தால் செதில் செதிலாக விழும். மாவு மாதிரி தூளாகப் பறந்தால் செயின் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயின் தானாக மரத்துக்குள் இறங்காது. ஆள் உடம்பைச் சாய்த்து அழுத்துவார். அழுத்துகிறவருக்குக் கால் பிடிமானம் போகும், கை சோரும், வெட்டு முடிந்து மிஷின் சட்டென்று கீழே விழும்போது கூடவே இவரும் சரிவார். உருட்டு அரம் எடுத்துப் பல்லுக்குப் பல் தேய்த்தால் பத்து, பதினைந்து நிமிடம். பழைய வீட்டுக் காம்பவுண்டுகளில் ஆணி, கொடிக்கம்பி எல்லாம் மரத்துக்குள் புதைந்து கிடக்கும். அதில் ஒரு தடவை பட்டாலே அரம் போட வேண்டியிருக்கும். அந்தப் பதினைந்து நிமிடம் நீங்கள் பேசும் கூலிக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இருப்பதில்லை. "மொத்தமா எவ்வளவு?" என்று காண்ட்ராக்ட் பேசுகிறீர்கள். மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவரைக் கூப்பிடுகிறீர்கள். மொத்தக் கூலிக்கு ஒப்புக்கொண்டவருக்கு ஒவ்வொரு நிமிடமும் தன் பாக்கெட்டிலிருந்து போவது. அவர் அரம் போட மாட்டார், கயிறு கட்டி இறக்க வேண்டிய கிளையை அப்படியே விழவிடுவார், காற்று அடித்தாலும் இறங்க மாட்டார். என்னைக் கேட்டால் செயின்சா விபத்துக்கு மிஷினைவிட இந்தக் கணக்கு பெரிய காரணம். நாள்கூலியாகப் பேசுங்கள். மேலே ஏறுகிறவர், கீழே கயிறு பிடிக்கிறவர், மிஷின் வாடகை என்று தனித்தனியாகக் கொடுங்கள். காற்றோ மழையோ வந்து பாதியில் நிறுத்தினால் அரை நாள் கூலி உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது சொல்லப்படாததால்தான் ஈரக் கிளையில் ஆள் நிற்கிறார்.

கயிறு பிடிப்பது பற்றி ஒரு வார்த்தை. உங்கள் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கிளை அறுபடும்போது எந்தப் பக்கம் ஆடும், எப்போது விட வேண்டும், எப்போது இறுக்க வேண்டும் என்பது தெரிந்த ஆள்தான் அங்கே நிற்க வேண்டும். மேலே இருப்பவருக்கு மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. 100 டெசிபலைத் தாண்டும் சத்தம் அது. கீழிருந்து கத்துவது வீண். கை சைகையை முதலிலேயே பேசிவைத்துக்கொள்வார்கள். தரையில் மரத்தையே சாய்க்கிறார்கள் என்றால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு வேறு யாரும் வரக்கூடாது. நம் ஊர் காம்பவுண்டில் அதற்கு இடமே இருக்காது. அதனால்தான் இங்கே மேலிருந்து துண்டு துண்டாகக் கழித்து இறக்குகிறார்கள், அதனால்தான் நேரமும் ஆகிறது. கார்களை முந்தின நாள் இரவே எடுக்கச் சொல்லுங்கள். சாவியோடு ஊருக்குப் போன ஒருவரின் கார் மேல் விழாமல் கிளையைத் திருப்ப நினைத்து, நிற்கக்கூடாத இடத்தில் நின்று அறுத்தவர்கள் எனக்குத் தெரியும்.

ஏறுகிறவரின் இடுப்பைப் பாருங்கள். ஒரே ஒரு நைலான் கயிறு என்றால் போதாது. தன் செயினே அதில் பட்டால் நொடியில் அறுந்துவிடும். அறுக்கும் நேரத்தில் இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். ஒன்று உள்ளே இரும்புவடம் ஓடும் கயிறாக இருந்தால் நல்லது. ஏணியில் நின்றபடி செயின்சா ஓட்டவே கூடாது. தோளுக்கு மேல் தூக்கி அறுக்கவும் கூடாது.

ஹெல்மெட், முகத்துக்கு வலை, காதுக்கு மஃப், காலுக்கு வெட்டுத் தடுப்பு உறை. இதையெல்லாம் தினக்கூலிக்காரர் வாங்குவார் என்று காத்திருந்தால் நடக்காது. லுங்கியும் ரப்பர் செருப்புமாகத்தான் வருவார். சங்கமே ஒரு செட் வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்துவிடலாம், லிஃப்டுக்கு வருடப் பராமரிப்புக் கட்டணம் (ஏ.எம்.சி.) கட்டுகிறோம், இதற்கும் வழி இருக்கும். அந்தக் கால் உறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நீளநீளமான செயற்கை நூல் அடுக்குகள். செயின் பட்டதும் நூல் உருவி வந்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்திவிடும். தடிமனான ஜீன்ஸ் அந்த வேலையைச் செய்யாது.

இப்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைனில் பேட்டரி மினி செயின்சா வருகிறது. நாலு இஞ்ச், ஆறு இஞ்ச் பார், கையடக்கம். யாரோ ஒரு குடியிருப்பாளர் ஆசையாக வாங்கி, இரண்டு நாளில் அலுத்துப்போய், தோட்டக்காரரிடம் கொடுத்துவிடுகிறார். அவர் வலது கையில் மிஷின், இடது கையில் கிளை என்று அறுக்கிறார். பெரிய மிஷின் இரண்டு கையையும் கேட்கும்; இடது கை கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்கும்வரை அந்தக் கை செயினுக்கு வராது. இந்தச் சின்ன மிஷின்களில் இடது கை எப்போதும் செயினுக்கு ஒரு சாண் தூரத்தில்தான். என் கடைக்கு வருகிற இந்த ரகத்தில் பலவற்றில் செயின் பிரேக்கே கிடையாது. பொம்மை மாதிரி இருப்பதால் யாரும் கையுறைகூடப் போடுவதில்லை. தோட்டக்காரருக்கு நல்ல கைரம்பம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மூன்று விரல் தடிமனுள்ள கிளைக்கு அதுவே தாராளம்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் பேச்சே வேண்டாம். தெருவோரம் போகும் 11 கிலோவோல்ட் லைனில் பச்சைக் கிளை உரசினாலே போதும், மரத்தில் இருப்பவர் வழியாக மின்சாரம் இறங்கிவிடும். 1912-க்குப் போன் செய்து மின்சாரக் கம்பெனியான பெஸ்காமிடம் லைனை நிறுத்தக் கேளுங்கள். லைன்மேன் வந்து நிறுத்திவிட்டேன் என்று சொல்லும்வரை மரத்தில் யாரும் ஏறக்கூடாது. வீட்டில் கரன்ட் போய்விட்டது, அப்படியென்றால் லைனும் செத்திருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஜெனரேட்டரோ இன்னொரு மின்பாதையோ (ஃபீடர்) எந்த நேரமும் உயிர் கொடுக்கலாம்.

அனுமதி விஷயமும் இதில்தான் வருகிறது. கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976-லிருந்து இருக்கிறது. மரத்தை வெட்ட மர அலுவலரின் அனுமதி வேண்டும். 2025 செப்டம்பரில் ஒரு மாநகராட்சி ஐந்தான பிறகு எந்த அலுவலகத்துக்குப் போவது என்ற குழப்பம் உங்களுக்கு இருக்கலாம், புரிகிறது. ஆனால் அனுமதி வாங்காமல் ஞாயிறு விடியற்காலை யாரும் பார்க்கும் முன் முடித்துவிடலாம் என்று கூப்பிடும்போது, அரை இருட்டில், அவசரத்தில், திருட்டுத்தனமாக ஒருவரை மரத்தில் ஏற்றுகிறீர்கள். அடிபட்டால் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று சொல்லவே அவர் தயங்குவார்.

காற்றில் சாய்ந்த மரம் என்றால், தெரிந்த பையன்களை வைத்து அகற்றவே அகற்றாதீர்கள். குல்மோஹரும் தூங்குமூஞ்சி மரமும் நம் ஊரில் வேரோடு சாய்வது வழக்கம். சாய்ந்த மரத்தின் கிளைகள் வில்லாக வளைந்து கிடக்கும்; எந்தப் பக்கம் இழுவிசை, எந்தப் பக்கம் அழுத்தம் என்று படிக்கத் தெரியாமல் அறுத்தால் கிளை தெறிக்கும், இல்லையென்றால் பார் இறுகிக்கொள்ளும். அடிமரத்தை வெட்டிவிட்டதும் பாரம் குறைந்து, வேர்மண் கட்டி குழிக்குள் திரும்பி நிமிர்வதும் உண்டு. குழிக்குள் குழந்தைகள் எட்டிப் பார்க்கிறார்களா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். மாநகராட்சி ஆட்கள் வரத் தாமதமாகும்தான். கயிறு கட்டி வழியை அடைத்துவிட்டுக் காத்திருங்கள்.

எல்லாம் மீறி வெட்டு விழுந்தால், 108-ஐக் கூப்பிடும்போதே இன்னொருவர் சுத்தமான துணியை வைத்துக் காயத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. விரல் துண்டானால் ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம்.

கூலி கொடுக்கும்போது இன்னொன்றும் விசாரியுங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய்தான் பிரீமியம். 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு இருந்தால் சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம், நிரந்தரமாகப் பாதி ஊனமானால் 1 லட்சம். பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கடைக்கு வருகிற பலருக்கு அதுவும் இல்லை. போனிலேயே சேர்த்துவிட உங்கள் வளாகத்து காலேஜ் பிள்ளை ஒருவர் போதும்.

இதில் எது உங்கள் சங்கத்துக்கு ஒத்துவராது என்று நினைக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள், பேசலாம். அடுத்த பொதுக்குழுவில் பத்து நிமிடம் கொடுத்தால் ஒரு நல்ல பிரேக்கும் ஒரு கம்பி கட்டிய பிரேக்கும் எடுத்துவந்து காட்டுகிறேன். மார்ச்சுக்கு முன்னால் கூப்பிடுங்கள். அப்புறம் எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

இப்படிக்கு,
கலாசிபாளையம் பக்கத்து மிஷின் ரிப்பேர்காரன்