பண்ணைக்குட்டைக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைநீரைத் தேக்கிவைக்க அரசு மானியத்துடன் வயலில் வெட்டப்படும் பண்ணைக்குட்டைகள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மானியம் பெறும் முறையையும், விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய சிட்டா, அடங்கல் விவரங்களையும் தெளிவாகவே தந்திருந்தீர்கள். ஆனால், வெட்டிய குட்டைக்குள் தண்ணீர் எங்கிருந்து, எந்த வழியாக வந்து சேரும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இராமநாதபுரம் மாவட்டம் கமுதிப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவன் என்ற முறையில், இத்திட்டத்தின் பலன் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் கொண்ட குட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் பெருக்கி, 18 லட்சம் லிட்டர் பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கங்களைச் செங்குத்தாக விடாமல், 1 மீட்டர் ஆழத்துக்கு 1.5 மீட்டர் என்ற கணக்கில் சரித்து வெட்டினால் உண்மையில் கொள்வது ஏறத்தாழ 14.6 லட்சம் லிட்டர்தான். எங்கள் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை சராசரியாக 500 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. ஆகவே குட்டையின் பரப்பில் நேராக விழுவது 4.5 லட்சம் லிட்டர். மீதி 10 லட்சமும் சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஓடிவந்தாக வேண்டும். பெய்யும் மழையில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணில் இறங்காமல் ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரிலிருந்து பருவம் முழுவதற்கும் 4 லட்சம் லிட்டர் கிடைக்கும். கசிவையும் ஆவியாதலையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று நான்கு ஏக்கர் நிலத்தின் ஓட்டம் வந்து சேரும் பள்ளமான மூலையில்தான் இந்த அளவுக் குட்டையை வெட்ட வேண்டும் என்பது விளங்கும். அதற்காகக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறித்து வெட்டிவிடவும் கூடாது; அது ஊர்த் தண்ணீர்.

நடப்பதோ வேறு. எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தார்ச்சாலையில் போகிறவர்கள் பார்வைக்குப் படும்படி மேட்டோரத்தில் ஒரு குட்டை வெட்டப்பட்டுள்ளது. ஜேசிபி அள்ளிய மண்ணை நாலு பக்கமும் விளிம்பிலேயே இடைவெளி இல்லாமல் குவித்துவிட்டார்கள். மழை பெய்தபோது வயலில் ஓடிவந்த தண்ணீர் அந்தக் கரையில் முட்டித் திரும்பி, சாலையோரப் பள்ளத்தில் போய் இறங்கிவிட்டது. குட்டைக்குள் போனதெல்லாம் விளிம்பில் குவித்திருந்த மண்தான். மதிப்பீட்டுத் தொகை எழுதிய பலகை மட்டும் இன்றும் பழுதில்லாமல் நிற்கிறது. குட்டையின் விளிம்புக்கும் மண்கரைக்கும் இடையே ஒரு மீட்டராவது விட்டு, மேட்டுப் பக்கம் கரையைத் திறந்து வாய் வைத்து, அந்த வாய்க்கு முன்னால் வண்டல் தங்க ஒரு சிறு குழி எடுத்து, நிறைந்த தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேற மறுகால் அமைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதில் செங்குத்தாக வெட்டிய பக்கம் நிற்காது என்பதை எங்கள் ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

குட்டைத் தண்ணீரைக் கோடைவரை வைத்திருக்கலாம் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால், 900 சதுர மீட்டர் பரப்பிலிருந்து மாதத்திற்கு 1.35 லட்சம் லிட்டர் யாருக்கும் பயன்படாமல் போகும். புழுதியில் விதைத்த நெல் கதிர் வாங்கும் வேளையிலும், முண்டு மிளகாய் பூத்துக் காய் பிடிக்கும் வேளையிலும், தை பிறந்ததும் மழை நின்றுவிடுகிறது. அந்தச் சமயத்தில் ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் போதும். அந்த ஒரு தண்ணீர்தான் விளைச்சலுக்கும், மணி பிடிக்காமல் பதராகிப்போகும் சாவிக்கும் இடையில் நிற்பது. பண்ணைக்குட்டையின் வேலை அதுவே. கோடை உழவுக்கோ இரண்டாம் போகத்துக்கோ அதை நம்பச் சொல்வது விவசாயியை ஏமாற்றுவதாகும்.

செம்மண் நிலத்தில் கசிவைத் தடுக்கப் பிளாஸ்டிக் விரிப்பு போடும் வழக்கத்தையும் கட்டுரை பரிந்துரைத்திருந்தது. மகாராஷ்டிரத்தில் நாசிக் போன்ற மாவட்டங்களில் விரிப்புப் போட்ட பெரிய குட்டைகளை மழைநீரால் நிரப்பாமல், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து நிரப்பி வைக்கும் பழக்கம் வளர்ந்துவிட்டது. நிலத்தடியில் பத்திரமாக இருந்த நீரை மேலே கொண்டுவந்து வெயிலுக்குக் கொடுப்பதற்கு மானியம் எதற்கு?

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது சிறு விவசாயியின் நிலை. 900 சதுர மீட்டர் என்பது 22 சென்ட். கரைக்கும் மண்மேட்டுக்கும் போவது தனி. ஐந்து ஏக்கர்க்காரருக்கு அது பொருட்டல்ல. ஒரே ஏக்கர் வைத்திருப்பவரோ நிலத்தில் கால் பங்குக்கு மேல் இழக்கிறார். அடுத்தடுத்து நிலம் உள்ள நான்கு பேர் சேர்ந்து, நால்வரின் வரப்பும் கூடும் பள்ளத்தில் ஒரே குட்டை வெட்டிக்கொள்ளவும், நிலம் கொடுத்தவருக்குத் தண்ணீரில் கூடுதல் பங்கு என்று எழுதிக்கொள்ளவும் விதிகளில் இடம் வேண்டும். பங்காளிச் சண்டை வரும் என்பார்கள். கிணற்றில் முறை வைத்து இறைத்தவர்களுக்கு இது புதிதல்ல.

இத்திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்குத் தங்கள் இதழ் வாயிலாக இரண்டு வேண்டுகோள்கள். மண் வெட்டிய கன அளவை மட்டும் பார்த்து முழுத் தொகையையும் விடுவிக்காமல், ஒரு பகுதியை நிறுத்திவைத்து, மார்கழியில் குட்டையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று அளந்த பிறகு கொடுக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் அடுத்த பருவம்வரை பொறுக்கலாம். மற்றொன்று, மதிப்பீட்டிலேயே வேலிக்கும், ஒரு பக்கம் இறங்கி ஏறப் படிக்கும் தொகை சேர்க்க வேண்டும். வழுக்கும் களிமண் சரிவில் ஆடு மேய்க்கும் பிள்ளை தவறி விழுந்தால் பற்றி ஏற இப்போது அங்கே எதுவும் இல்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கமுதி வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.