படலைக்குக் கூரை போட்ட கதை

நீர்வேலி
ஆவணிக் கடைசி

அன்பின் மச்சானுக்கு,

ரொறன்ரோவில் நீ செய்த இருக்கை வாங்கின் படத்தை மகள் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். சாமான் ஏற்றி இறக்குகிற பலகைத் தட்டில் இவ்வளவு வடிவான வாங்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முன் விளிம்பை உருட்டித் தேய்த்திருக்கிறாய், தொடையில் குத்தாது. அதைப் பார்த்ததும் உனக்கு உடனே எழுத வேண்டும்போல் இருந்தது. போனில் கதைத்தால் ஊர்ப் புதினத்திலேயே நேரம் போய்விடும், அளவு கணக்கெல்லாம் மறந்துபோகும். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்று. அந்தப் பலகைகளில் சுட்டுக் குத்தின முத்திரை இருக்கும், ஒருக்கால் பார். எச்.ரி. என்றிருந்தால் மரத்தின் நடுவரைக்கும் 56 பாகைச் சூடு ஏற்றி, அரை மணித்தியாலம் வைத்துப் பூச்சியைக் கொன்றது. பயமில்லை. எம்.பி. என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்கிற நஞ்சுப் புகை அடித்தது. அதில் வாங்கும் வேண்டாம், கீரைப் பெட்டி கட்டவே வேண்டாம். அடுப்பிலும் போடாதே.

இங்கே எல்லோரும் சுகம். நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்து ஊர் பழையபடி அமைதியாகிவிட்டது. என் முழங்கால் பரவாயில்லை. மூத்தவள் கிளிநொச்சியில் படிப்பிக்கிறாள், சனி ஞாயிறு வந்துபோவாள்.

சரி, என் பெரிய புதினத்துக்கு வருகிறேன். சங்கடப்படலை முடிந்துவிட்டது, மச்சான். இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், போன கிழமைதான் கூரைக்குக் கடைசித் தென்னங்கிடுகைக் கட்டினேன்.

"கேற்றுக்கு எதற்குக் கூரை?" என்று உன் சின்னவன் கேட்டதாகச் சொன்னாயே. அவனுக்கு இப்படிச் சொல்லு. முன்பு எங்கள் சனம் நடந்துதான் போய்வரும். வெயிலிலோ மழையிலோ தலையில் சுமையோடு வருகிற ஒருவர், வீட்டுக்காரரைக் கூப்பிடாமல், யாரிடமும் கேட்காமல் ஒதுங்கி இருந்துவிட்டுப் போக ஒரு இடம் வேண்டும். அதுதான் சங்கடப்படலை. மேலே கூரை, இரண்டு பக்கமும் திண்ணை, மூலையில் ஒரு பானைத் தண்ணீர். பருத்தித்துறைத் தெருமூடிமடத்தையும் இதே எண்ணத்தில்தானே கட்டினார்கள்? தெருவுக்குக் குறுக்கே கல்லாலேயே கூரை போட்டு, இரு கரையிலும் திண்ணை வைத்தார்கள். சைக்கிளில் வல்லிபுரக் கோயிலுக்குப் போகிறபோது அதற்குள் நின்று முதுகைக் கல்லோடு ஒட்டிக்கொள்வாய். கல் அப்படிக் குளிரும்.

மரமெல்லாம் எங்கள் பழைய குசினியினுடையது. கூரை பிரித்தபோது பனஞ்சலாகைகளை விறகுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள், நான் விடவில்லை. அப்பு காலத்துச் சலாகை, அடுப்புப் புகை ஏறி ஏறி அட்டக்கறுப்பு. தேங்காய்ப் பொச்சும் தண்ணீரும் வைத்து உரசினேன். கரி கழன்று வர, உள்ளே கறுப்பும் தவிட்டு நிறமுமாக நெருக்கமான கோடுகள் தெரிந்தன. ஒரு சலாகைக்கு ஒரு காலைப்பொழுது போனது. ஆனால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெயிலில் சாய்த்து வைத்தபோது எனக்கு அதைவிட்டு நகர மனமில்லை.

மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில். பனைக்கு வைரம் வெளிப்பக்கம், நடுவில் வெறும் மெத்தென்ற சோற்றி. அதனால் வெளிப்பக்கம் மேலே வரும்படி வைத்தேன், சோற்றி ஒட்டியிருந்த இடங்களையெல்லாம் உளியால் சீவினேன். கறையான் முதலில் தேடுவது அந்தச் சோற்றியைத்தான். ஆணியை நேரே அடித்தால் ஒன்றில் ஆணி வளையும், இல்லாவிட்டால் சலாகை நீளத்துக்கு வெடிக்கும். முதல் நாளே ஒன்பது ஆணி வளைந்தது. அதற்குப் பிறகு ஆணியைவிட மெல்லிய துளை போட்டுவிட்டுத்தான் அடித்தேன். துளைக்கிற அலகை இடைக்கிடை ஆறவிட வேண்டும், அல்லது புகைக்கும். கையுறை கட்டாயம். பனஞ்சிராய் விரலில் ஏறினால் உள்ளே போய் முறிந்துவிடும்.

வாசல் 5 அடி அகலம். திண்ணை 15 அங்குல அகலம், 16 அங்குல உயரம் என்று கட்டினேன். பின்வீட்டு ஆச்சி வந்து இருந்துவிட்டு எழும்பக் கஷ்டப்பட்டார். வயது போனவர்களுக்கு 18 அங்குலமாவது வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு பக்கத்துத் திண்ணையை உயர்த்திவிட்டேன், மற்றதைக் குழந்தைகளுக்கென்று அப்படியே விட்டேன். உன் வாங்கின் உயரத்தையும் ஒருக்கால் அளந்து பார்.

கூரைக் கதைதான் நீளம். முதலில் வைகாசியில் போட்டேன். ஆனியில் ஒரு நாள் சோளகக் காற்று அரைவாசியை அள்ளிப் பக்கத்துத் தோட்டத்து வாழைக்குள் போட்டது. ஆச்சி வந்து மிச்சத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பிழை சொன்னார். சரிவு போதாது, கட்டும் போதாது. கிடுகுக் கூரை 45 பாகையளவு சாய்வாக நிற்க வேண்டும். சாய்வு குறைந்தால் தண்ணீர் ஓடாமல் ஓலையில் ஊறி உக்கும், காற்றும் கீழே நுழைந்து தூக்கும். நான் கிடுகின் இரண்டு நுனியை மட்டும் கட்டியிருந்தேன். ஒவ்வொரு சலாகையிலும் ஒரு கட்டு வேண்டுமாம்.

திரும்ப முதலிலிருந்து தொடங்கினோம். தென்னோலையை ஒரு கிழமைக்கு மேல் தண்ணீரில் ஊறப் போட்டு, மட்டையை நடுவால் கிழித்து, ஒவ்வொரு பாதியாகப் பின்னுகிறது. ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. நிலத்தில் இருந்து, மட்டையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, ஓர் இலையை மடக்கி ஒன்றுவிட்டு ஒன்றுக்குள் செருகுவார். கண் ஓலையில் இல்லை, எங்களோடு கதைத்துக்கொண்டிருப்பார். நான் ஒன்று பின்னுகிற நேரத்தில் அவர் நாலு பின்னிவிடுவார். பத்தாவது கிடுகோடு என் கைக்கும் அந்த ஓட்டம் வந்துவிட்டது, மச்சான். அந்த நேரத்துச் சந்தோஷத்தை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கீழ் இறப்பில் தொடங்கி மேலே வரிசை வரிசையாக ஏற்றி, கீழ் வரிசையில் பாதிக்கு மேல் மூடும்படி கட்டினோம். முடித்ததும் கிணற்றிலிருந்து பத்து வாளி அள்ளி மேலே ஊற்றினேன். ஒரே ஒரு இடத்தில்தான் சொட்டியது.

இதில் உனக்குப் பயன்படக்கூடிய ஒன்று கண்டுபிடித்தேன். எங்கள் ஊரில் வருடத்தில் இரண்டு முறை, சித்திரை தொடக்கத்திலும் ஆவணி நடுவிலும், நடுப்பகல் வெயில் நேர் உச்சந்தலைக்கு வரும். ஒரு நாள் பன்னிரண்டு மணி தாண்டிப் பத்து நிமிடமளவில் படலையடியில் நின்று பார்த்தேன். நட்டிருந்த அலவாங்குக்கு நிழலே இல்லை. எட்டடி மதிலுக்கும் அப்படித்தான், அடியில் ஒரு விரல் நிழல்கூட விழவில்லை. மதில் கட்டினால் மறைப்பு வரும், நிழல் வராது. மேலே மூடினால்தான் எங்களுக்கு நிழல். விறாந்தைக் கூரையை ஏன் அவ்வளவு பதித்து இறக்கினார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக விளங்கியது.

ரொறன்ரோவில் நடுப்பகல் வெயில் என்றைக்கும் தெற்கால்தான் சாய்ந்து வரும். ஆனி மாத நடுப்பகலிலும் உச்சிக்கு ஏறாது, மார்கழியில் வேலிக்கு மேலாலேயே எட்டிப் பார்க்கும். ஆகவே நீ பாகல் பந்தலை வாங்குக்கு மேலே போடுவதைவிடத் தெற்குப் பக்கம் உயரமாக நிறுத்திக் கட்டு. கோடையில் பாகல் நிழல் தரும். பனி வர இலை கருகி விழும், பதிந்த வெயில் தடையில்லாமல் உன் கதிரை வரைக்கும் வரும். பந்தற்கால்களை மட்டும் மேலோட்டமாக நடாதே. உங்கள் நிலம் நாலு அடி ஆழத்துக்கு உறையும் என்று நீதான் சொன்னாய். அதற்கு மேலே நின்றால் மண் உறைந்து பொங்கும்போது காலைத் தூக்கிவிடும். மண்சாடிகளையும் ஐப்பசியிலேயே உள்ளே எடுத்துவிடு, மண்ணில் இருக்கிற ஈரம் உறைந்தால் சாடி வெடிக்கும்.

வேலிக் கதையும் சொல்ல வேண்டும். ஒழுங்கை முழுக்க இப்போது மதில்தான். என் கிழக்குப் பக்கத்துக்கும் மதில் கட்டச் சொல்லிப் பிள்ளைகள் கரைச்சல் கொடுத்தார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். கிளுவையும் பூவரசும் கதியாலாக நிற்கட்டும், ஆட்டுக்குக் குழை வரும், காற்றும் வரும். பனையோலையை மிதித்து அடுக்கிப் பாரம் ஏற்றி வைத்திருக்கிறேன், மாரிக்கு முன் அடைத்துவிடுவேன். கழற்றுகிற பழைய ஓலையைத் தோட்டத்தில் தாழ்த்தால் பசளை. ஒரு மதிலை இடித்து யாராவது மிளகாய்க் கன்றுக்குப் போட முடியுமா? ஆச்சி வீட்டுப் பக்கம் வேலியில் ஆள் நுழைகிற அந்தப் பொட்டு இன்னும் இருக்கிறது. அதற்குள்ளால்தான் ஆச்சியும் வந்துபோகிறார், கறிக் கோப்பைகளும் வந்துபோகின்றன. அதை அடைக்கப்போவதில்லை.

சின்னச் சின்ன வேலைகளும் செய்தேன். பெரியம்மா வைத்திருந்த ஓலைப்பெட்டி ஒன்றின் அடி கழன்று கிடந்தது. கவிழ்த்து, நடுவால் வயர் விட்டு விறாந்தையில் தொங்கவிட்டேன். கடகம் இதற்குச் சரிவராது, தடிப்பு, வெளிச்சம் விடாது. பெட்டிதான் வேண்டும். எல்.ஈ.டி. பல்ப் மட்டுமே போட்டேன், பழைய சூட்டுப் பல்ப் ஓலையைக் கருக்கிவிடும். இரவில் சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாக நிழல் விழுகிறது. உனக்கும் ஒன்று வேண்டுமென்றால் சொல்லு, யாழ்ப்பாணத்தில் 'கற்பகம்' கடையில் சாயம் போட்ட ஓலையில் நல்ல பெட்டிகள் இருக்கின்றன.

ஆட்டுக்கல்லைக் கிணற்றடியில் வைத்துக் குழியில் தண்ணீர் விட்டிருக்கிறேன். புலுனிக் குருவிகள் ஆறேழாக வந்து குளிக்கின்றன. மூன்று நாளுக்கு ஒருக்கால் கவிழ்த்துத் தேய்க்கிறேன், டெங்கு நுளம்புக்கு ஒரு கிழமைத் தண்ணீர் கிடைத்தாலே போதும்.

திண்ணைச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கவில்லை, சுண்ணாம்புதான். நீற்றின சுண்ணாம்பை ஊறவைத்து வடித்து, கொஞ்சம் உப்பும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று தரம் பூசினேன். முதல் பூச்சில் ஒன்றும் தெரியாது, மனம் சோரும். காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். கண்ணுக்குள் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று. உங்கள் பழைய வீட்டுக் குசினிக் கதவை எடுத்து ஏதாவது செய் என்று போன வருடம் சொன்னாயல்லவா? கொண்டுவந்துவிட்டேன். பிணைச்சல் துருப்பிடித்து இறுகிவிட்டது, மரத்துக்கு ஒரு குறையும் இல்லை, வேம்பு. பழைய சலாகையில் நாலு கால் செய்து படலைக்குப் பக்கத்தில், பலாவின் கீழே மேசையாகப் போடலாம் என்று நினைக்கிறேன். ஆறு பேர் சுற்றி இருக்கலாம்.

தேய்க்கத் தொடங்கும்போதுதான் உள்பக்கத்தில், தாழ்ப்பாளுக்குக் கொஞ்சம் கீழே கீறல்களைக் கண்டேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓலை வார்கிற சத்தகத்தால் கீறின கோடுகள், நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று, அப்படிக் கட்டுக் கட்டாக. உன் அம்மாவின் பால் கணக்கு. மாதம் முடிய ஒரு நீளக் கோடு இழுத்திருக்கிறார். கடைசிக் கட்டில் மூன்று கோடுதான் இருக்கிறது, நீளக் கோடு இல்லை. நீங்கள் அந்த மாதம்தான் இடம்பெயர்ந்திருக்க வேண்டும்.

அரத்தாளை அந்த இடத்தில் படவிடவில்லை. மற்ற இடமெல்லாம் தேய்த்து எண்ணெய் பூசிவிட்டேன். வெளிப்பக்கம் மேலே வந்தால் மேசை வழுவழுவென்று அழகாக இருக்கும், கோடுகள் கீழே பத்திரமாக இருக்கும். உள்பக்கம் மேலே வந்தால் தேத்தண்ணீர் வைக்கிற இடத்தில் அவை இருக்கும், எல்லோர் கையும் படும். எனக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, ஆனால் அதை நான் சொல்லப்போவதில்லை. கதவு இரண்டு கதிரைக்கு மேலே விறாந்தையில் கிடக்கிறது. எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று அக்காவிடமும் கேட்டு எழுது, அதற்குப் பிறகுதான் கால் பூட்டுவேன்.

அன்புடன்,
உன் பக்கத்து வாங்குக்காரன்