தம்பி, உன் ஃபுட்பால் ஷீட்டைப் பார்த்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எக்செல் ஷீட்டை முழுசாகப் பார்த்துவிட்டேன். போனில் பேசினால் அப்பா நடுவில் வந்துவிடுவார், பந்தயம் என்ற சொல் காதில் விழுந்ததும் அதற்குமேல் எதையும் கேட்க மாட்டார், அதனால் எழுதுகிறேன். "அம்மா, இந்தக் கணக்கு சரியா, இதை நம்பி சேமிப்பை எடுத்து ஃபுட்பால் பந்தயத்தில் இறங்கலாமா?" என்று கேட்டிருந்தாய். காலமெல்லாம் காலேஜில் புள்ளியியல் நடத்தியவளிடம் கேட்டிருக்கிறாய், ஆகவே முதலில் கணக்கைப் பற்றியே பேசுகிறேன். இறங்காதே என்பதுதான் என் பதில். ஏன் என்பதை அவசரப்படாமல் படி.

உழைத்திருக்கிறாய், அது தெரிகிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஐந்து சீசன், 1900 போட்டி. ஒவ்வொரு அணிக்கும் கோல் அடிக்கும் பலம், தடுக்கும் பலம் என்று தனித்தனியாக எடுத்து பாய்சான் பரவலில் (சராசரி கோலை வைத்து 0, 1, 2 என்று எத்தனை கோல் விழ எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் சூத்திரம்) போட்டிருக்கிறாய். வழி சரி. சொந்த மைதானத்தில் ஆடுகிற அணிக்குச் சராசரி 1.5 கோல், வந்து ஆடுகிற அணிக்கு 1.2 கோல் என்றால் 1-1 என்று முடிய 100-க்கு 12, 0-0 என்று முடிய 100-க்கு 7-க்குக் கொஞ்சம் குறைவு, நானும் போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது. ஆனால் இது 1982-லேயே மேஹர் என்பவர் கட்டுரையாக எழுதிய முறை, தம்பி. 1997-ல் டிக்சன், கோல்ஸ் என்று லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த இரண்டு பேர், 0-0, 1-0, 0-1, 1-1 போன்ற சின்ன ஸ்கோர்களில் இந்த முறை பிசகுவதைத் திருத்தினார்கள், பழைய போட்டிகளுக்கு மதிப்பைக் குறைத்து அண்மைப் போட்டிகளுக்குக் கூட்டினார்கள். உன் ஷீட்டில் அந்த இரண்டு திருத்தமும் இல்லை. இத்தனை வருஷமாக வெளியே கிடக்கிற ஒரு முறை, பந்தயக் கம்பெனிகளில் விலை போடுகிறவர்கள் கையில் இல்லாமலா இருக்கும்?

அப்புறம் ஒரு பெரிய தவறு, இதைக் கவனமாகப் பார். "அணியின் தரம்" என்று ஒரு நெடுவரிசை போட்டு, அதில் அந்த சீசன் முடிவில் அந்த அணி எடுத்த புள்ளிகளைக் கொடுத்திருக்கிறாய். செப்டம்பரில் நடந்த போட்டியைக் கணிக்க மே மாதத்துப் புள்ளிப் பட்டியல் உனக்கு எப்படிக் கிடைக்கும்? விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதிய மாணவனின் மார்க்கைப் போலத்தான் உன் பழைய சீசன்களின் லாபமும் ஆகிவிட்டது. அந்த நெடுவரிசையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு போட்டிக்கும் அதற்கு முந்தைய நாள்வரை தெரிந்ததை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். நீ காட்டிய லாபம் மொத்தமும் கரைந்து நஷ்டத்தில் போய் நின்றது. இன்னொன்று, "கடைசி 5 போட்டி ஃபார்ம்" என்று வைத்திருக்கிறாயே, ஏன் 5? பக்கத்து டேபில் 3, 4, 6, 8 எல்லாம் முயற்சி செய்து பார்த்தது அப்படியே இருக்கிறது. எதில் லாபம் வந்ததோ அதை வைத்துக்கொண்டாய். ஒரே டேட்டாவில் இருபது விதி முயற்சி செய்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே லாபம் காட்டும், அதைக் கண்டுபிடிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விதியை முதல் மூன்று சீசனில் முடிவு செய்துவிட்டு, மற்ற இரண்டையும் திறந்துகூடப் பார்க்காமல் வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு தடவை அதில் சோதிக்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் திருத்திவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பெரிய விஷயம் மிச்சம் இருக்கிறது. யார் ஜெயிப்பார்கள் என்று கணிப்பது ஒரு வேலை, கம்பெனி போட்டிருக்கும் விலை தப்பு என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. உன் ஷீட் முழுக்க முதல் வேலையைத்தான் செய்கிறது. மான்செஸ்டர் சிட்டி சொந்த மைதானத்தில் ஜெயிக்கும் என்று நீ 1900 வரி போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, அது ஆட்ஸிலேயே, அதாவது ஜெயித்தால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்று கம்பெனி போடும் விலையிலேயே, இருக்கிறது. ஒரு போட்டிக்கு 2.10, 3.40, 3.60 என்று ஆட்ஸ் இருந்தால், ஒன்றை ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்: 47.6, 29.4, 27.8. கூட்டினால் 100 வராது, 104.8 வரும். அந்தக் கூடுதல்தான் கம்பெனியின் பங்கு. ஒன்றும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவன் 100 பவுண்டுக்குச் சராசரியாக நாலரை பவுண்டு இழப்பான் என்று அர்த்தம். நீ லாபம் பார்க்க, எல்லோரையும்விடக் கொஞ்சம் நன்றாகத் தெரிந்திருந்தால் போதாது, அந்த நாலரையையும் தாண்டுகிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாலு போட்டியைச் சேர்த்து ஒரே பந்தயமாகக் கட்டுகிறாயே, அதில் ஒவ்வொரு போட்டியின் பங்கும் ஒன்றோடொன்று பெருகும். ஒன்றுக்கு 5 சதவீதம் என்றால் நாலுக்குச் சேர்த்து 18 சதவீதத்துக்கு அருகில் போய்விடும். அந்த ஆப்களில் அதைத்தான் முதல் பக்கத்தில் பெரிசாகக் காட்டுகிறார்கள், காரணம் புரிகிறதா?

உன் லாபத்தைப் பற்றி. 50 பந்தயம், சராசரி ஆட்ஸ் 1.90, ஒவ்வொன்றுக்கும் 10 பவுண்டு, 29-ல் ஜெயித்து 51 பவுண்டு கையில். சந்தோஷமாக எழுதியிருந்தாய், அந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை, ஆனால் கணக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு நாணயத்தை 50 தடவை சுண்டினால் 29 அல்லது அதற்குமேல் தலை விழ ஏறக்குறைய 16 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆறு பேர் சுண்டினால் ஒருவருக்கு உன் ரிசல்ட் வரும், அவருக்கு ஃபுட்பால் என்றால் என்னவென்றே தெரிந்திருக்க வேண்டாம். 50-க்கு 50 வாய்ப்புள்ள பந்தயத்தில் உண்மையிலேயே உனக்கு 5 சதவீதம் சாதகம் இருந்தால்கூட, அது தற்செயல் இல்லை என்று ஓரளவு நம்பிக்கையாகச் சொல்ல 1600 பந்தயம் வேண்டும். 2 சதவீதம்தான் சாதகம் என்றால் 10,000 வேண்டும். பிரீமியர் லீக்கில் ஒரு சீசனுக்கு 380 போட்டி, ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் கட்டினாலும் 26 வருஷம் ஆகும். அதனால் 51 பவுண்டை வைத்து உனக்குத் திறமை இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது.

பழைய ரிசல்ட்டை அவ்வளவு நம்புகிறாயே, உன் ஷீட்டிலேயே இருக்கிற 2020-21 சீசனை எடுத்துப் பார். லிவர்பூல் 2017 ஏப்ரலுக்குப் பிறகு தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் ஒரு லீக் போட்டியிலும் தோற்கவில்லை, தொடர்ந்து 68 போட்டி. 2021 ஜனவரி 21 அன்று பர்ன்லி வந்து ஒரு பெனால்டியில் 1-0 என்று ஜெயித்தது. அதோடு நிற்கவில்லை. பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்டன், செல்சி, ஃபுல்ஹாம் என்று, பர்ன்லியையும் சேர்த்து, சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு தோல்வி. எவர்டன் ஆன்ஃபீல்டில் ஜெயித்து 1999-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 68 போட்டியின் புள்ளிவிவரம் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த எண்களை உண்டாக்கிய நிலைமை மாறிப்போயிருந்தது: தடுப்பாட்டக்காரர் வான் டைக் அக்டோபரிலேயே முழங்கால் காயத்தோடு போய்விட்டார், கோமஸும் இல்லை, நடுக்கள ஆட்டக்காரர்களைத் தடுப்பில் நிறுத்த வேண்டியதாயிற்று, கோவிட் காரணமாக கேலரியில் ஒரு ஆளும் இல்லை. அந்த சீசனில் பிரீமியர் லீக் மொத்தத்திலுமே வந்து ஆடிய அணிகள்தான் அதிகம் ஜெயித்தன, அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. நீயோ ஐந்து சீசனுக்கும் ஒரே "ஹோம்" எண்ணைப் போட்டு, அந்த வருஷத்தையும் அதில் கலந்துவிட்டிருக்கிறாய்.

லெஸ்டரைப் பற்றி எழுதியிருந்தாய், 5000-க்கு 1 ஆட்ஸில் இருந்த அணி 2016-ல் பட்டம் வென்றதே, கம்பெனிகளும் தப்பு செய்கிறார்களே என்று. செய்கிறார்கள்தான். ஆனால் எந்த விலை தப்பு என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமே. முந்தைய சீசனில் 14-வது இடத்தில் முடித்த அணி அது, உன் ஷீட்டை அன்றைக்கு ஓட்டியிருந்தால் லெஸ்டர் பக்கமே போயிருக்காது.

ஜெயிப்பவர்களே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் பொய். பிரைட்டன் கிளப்பின் உரிமையாளர் டோனி ப்ளூம், பிரென்ட்ஃபோர்டின் மேத்யூ பென்ஹம், இருவருமே புள்ளிவிவரத்தை வைத்துப் பந்தயத்தில் பணம் பார்த்தவர்கள்தான். பென்ஹம் ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தவர். ஆனால் அவர்களுக்கு இதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன, டேட்டா சேர்க்கவும் மாடல் கட்டவும் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை வேலை முடிந்து வந்து லேப்டாப்பைத் திறக்கிற நீ, அந்த மாதிரி ஆட்கள் ஏற்கெனவே பணம் போட்டு நகர்த்திவிட்ட விலையைத்தான் வாங்குகிறாய்.

2017-ல் காவ்னிட்ஸ் என்பவரும் அவரோடு இரண்டு பேரும் எழுதிய ஒரு ஆய்வைப் படித்துப் பார், உனக்குப் பிடிக்கும். அவர்கள் அணிகளின் பழைய ரிசல்ட்டை வைத்து மாடல் கட்டவே இல்லை. பல கம்பெனிகளின் ஆட்ஸைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அதுவே நல்ல கணிப்பு என்று எடுத்துக்கொண்டு, எந்தக் கம்பெனி அந்தச் சராசரியிலிருந்து விலகி அதிகம் தருகிறதோ அங்கே மட்டும் கட்டினார்கள். நிஜப் பணத்திலும் லாபம் வந்தது. பிறகு? சில மாதங்களில் கம்பெனிகள் அவர்களுடைய கணக்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டன, சின்னத் தொகைக்குமேல் கட்ட விடவில்லை. இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது, தோற்கிறவனை எவ்வளவு வேண்டுமானாலும் கட்ட விட்டுவிட்டு ஜெயிக்கிறவனை மட்டும் நிறுத்துவது என்ன நியாயம்? ஆனால் இங்கிலாந்தில் அது வழக்கமாக நடக்கிறது, ஆகவே நீ நிஜமாகவே ஜெயிக்க ஆரம்பித்தாலும் அது நீடிக்க விடமாட்டார்கள்.

தோற்றால் அடுத்ததில் இரண்டு மடங்கு கட்டுவேன் என்று எழுதியிருந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. 10, 20, 40 என்று போனால் தொடர்ந்து ஏழு தோல்வியில் 1270 பவுண்டு போயிருக்கும், எட்டாவதுக்கு 1280 எடுத்து வைக்க வேண்டும், உன் 1.90 ஆட்ஸில் அது ஜெயித்தாலும் 1152 பவுண்டுதான் லாபம், போன 1270-ஐக்கூட அது ஈடுகட்டாது. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள 100 பந்தயத்தில் எங்காவது ஒரு இடத்தில் தொடர்ந்து ஏழு தோற்க ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நடக்காது என்று நினைக்காதே. "இத்தனை தோல்விக்குப் பிறகு ஜெயித்தே ஆக வேண்டும்" என்று மனசு சொல்லும். முந்தைய பந்தயத்தில் நீ தோற்றது அடுத்த போட்டியில் ஆடுகிற எந்த ஆட்டக்காரருக்கும் தெரியாது.

நீ அங்கே தனியாக இருக்கிறாய், குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, ரூமில் பேச ஆள் இல்லை. ஃபுட்பால் பார்ப்பதும் அதை எண்களாகப் பிரித்துப் பார்ப்பதும் உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், சின்ன வயசில் ஸ்கோர்களை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு இருந்தவன்தானே நீ. அந்த ஆசையை விடச் சொல்லவில்லை. பணத்தை மட்டும் வெளியே எடு. அந்த சேமிப்பு உன் படிப்புக் கடனுக்கு என்று நீயே சொல்லி வைத்தது.

இப்போது செய்ய வேண்டியது. ஷீட்டில் இரண்டு நெடுவரிசை சேர். ஒன்றில், நீ கட்ட நினைத்த நேரத்தில் இருந்த ஆட்ஸ். இன்னொன்றில், போட்டி தொடங்கும் நிமிஷத்தில் இருந்த கடைசி ஆட்ஸ். பைசா போடாமல் இந்த சீசன் முழுக்கக் குறித்துக்கொண்டு வா. நீ 2.10-ல் எடுத்தது போட்டி தொடங்கும்போது 1.95-க்கு இறங்கியிருந்தால், சந்தைக்கு முன்னாலேயே உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அது தொடர்ந்து நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜெயித்தோமா தோற்றோமா என்பதைவிட இது சீக்கிரம் உண்மையைச் சொல்லும். பெரும்பாலும் 2.10-ல் எடுத்தது 2.20-க்கு ஏறிப்போயிருந்தால் கேள்விக்கே இடமில்லை, விட்டுவிடு.

பணம் போடாமல் இருக்க முடியவில்லை, கை தானாக ஆப்பைத் திறக்கிறது என்றால் அதை என்னிடம் மறைக்காதே. நான் திட்ட மாட்டேன், அப்பாவிடமும் நீ சொல்லும்வரை சொல்ல மாட்டேன். அங்கே கேம்ஸ்டாப் (GAMSTOP) என்று ஒன்று இருக்கிறது, இலவசம்தான், பெயரைப் பதிந்தால் பிரிட்டனில் லைசென்ஸ் உள்ள எல்லா ஆன்லைன் பந்தயக் கம்பெனிகளும் ஆறு மாசமோ, ஒரு வருஷமோ, ஐந்து வருஷமோ உன்னை உள்ளே விடக் கூடாது. அன்றைக்கே பதிந்துவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு.

திருத்திய ஷீட்டை இதோடு அனுப்பியிருக்கிறேன், நான் மாற்றிய இடங்களில் மஞ்சள் அடித்திருக்கிறேன். சின்ன ஸ்கோர் திருத்தத்துக்கான சூத்திரத்தை மூன்றாவது டேபில் எழுதியிருக்கிறேன். ஒரு இடத்தில் உன் சூத்திரம் எனக்குப் புரியவில்லை, ட்ராவுக்கான நிகழ்தகவை எதற்கு 0.9-ஆல் பெருக்கியிருக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல்.

அன்புடன்,
அம்மா