பங்குனி வரைக்கும் பொறு, மச்சான்

திருகோணமலை,
2026 தை

அன்புள்ள மச்சான்,

உன் நீண்ட மெயிலுக்குப் பதில் எழுதப் பிந்திவிட்டது. கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் அடித்ததிலிருந்து இங்கே ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பெரிய சேதம் இல்லை, கூரையில் சில ஓடுகள் போனதோடு சரி. மூதூர், வெருகல் பக்கம்தான் வெள்ளம் சனத்தை வாட்டி எடுத்துவிட்டது. அம்மா சுகம். முழங்கால் நோ மட்டும் இந்த ஈரக் குளிருக்குக் கொஞ்சம் கூட. மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. லீவு கிடைத்தால் இரவு ரயிலேறி விடியக் காலையில் வந்து இறங்குகிறாள்.

சரி, நீ கேட்ட விஷயம். வருகிற சனி ஞாயிறில் உன் நாஸ் பெட்டியை (வீட்டுக் கோப்புகளைச் சேமிக்கிற கணினியை) பழைய ட்ரூநாஸ் கோர் மென்பொருளிலிருந்து புதிய ட்ரூநாஸுக்கு மாற்றி, கையோடு பூலையும் (டிஸ்க்குகளைச் சேர்த்து அமைத்த சேமிப்பிடத்தையும்) அப்கிரேட் செய்து, நாலாவது டிஸ்க்கையும் போட்டுவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். மாறத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யாதே. அதைவிட முக்கியம், நீ தனியாக நாள் குறிக்காதே. உன் பெட்டியின் பிரதி என் வீட்டில் இருக்கிறது, என் பெட்டியின் பிரதி உன் வீட்டில் இருக்கிறது. ரொறன்ரோவில் நீ எடுக்கிற முடிவு உப்புவெளியில் என் மேசைக்குக் கீழே இருக்கிற பெட்டியையும் தொடும்.

அவற்றில் என்ன இருக்கிறது என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் கல்யாண அல்பம் மிஞ்சிய வீடு ஒன்றிரண்டுதான். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களிடம் கிடந்த படங்களைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் பண்ணிச் சேர்த்தது நாங்கள் இருவரும். காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், கோணேசர் நகர்வல வீடியோக்கள் எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. இன்றைக்கும் யாராவது கேற்றடியில் நின்று, "தம்பி, எங்கட அப்பாவின்ர படம் ஒன்று உங்களிட்ட இருக்குதாமே" என்று கேட்கிறார்கள். அதனால் எந்த மாற்றத்தையும் நான் முதலில் பார்ப்பது ஒரு கேள்வியோடுதான்: இடையில் ஏதாவது பிசகினால், அந்த நேரத்தில் முழுப் பிரதி ஒன்று பழுதில்லாமல் வேறிடத்தில் இருக்குமா? இரண்டு பெட்டிகளும் ஒரே கிழமையில் மாறினால் அதற்கு உறுதி இல்லை.

இனி, ஏன் மாற வேண்டும் என்பதைப் பார்ப்போம். 2005இல் ஃபிரீநாஸ் என்று தொடங்கி, 2020இல் ட்ரூநாஸ் கோர் என்று பெயர் மாறிய வழி இப்போது முடிவுக்கு வந்துவிட்டது. அதைச் செய்கிறவர்களின் கவனம் முழுக்க டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்ட புதிய வழியில்தான். கோர் 13க்கு அடியில் இருப்பது ஃபிரீபிஎஸ்டி 13 என்கிற இயங்குதளம் (ஓஎஸ்). அந்தக் கிளைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது இந்த வருடம் ஏப்ரல் 30உடன் நிற்கிறது. எனக்கு நாள் குறித்துத் தருவது இந்தத் திகதிதான். புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று திரையில் மின்னுகிற அறிவித்தல் எனக்கு ஒரு காரணமே இல்லை.

"நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும், பெட்டி வெளி இணையத்துக்குத் திறந்திருக்கவில்லையே" என்று உன் தம்பி சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அவர் சொல்வதில் பாதி சரி. எங்கள் பெட்டிகள் ரூட்டருக்குப் பின்னால் இருக்கின்றன, ஒன்றோடொன்று பேசுவதும் விபிஎன் வழியாகத்தான். ஆனால் 2017 மேயில், கோப்புகளை வீட்டுக்குள் பகிர்கிற சம்பா மென்பொருளில் ஓர் ஓட்டை வெளிப்பட்டதை அவருக்கு ஞாபகப்படுத்து. 2010இல் வந்த 3.5 பதிப்பிலிருந்தே அது உள்ளே கிடந்தது. பங்கு வைத்த ஃபோல்டரில் எழுத முடிந்த ஒருவர், சேர்வரில் தன்னுடைய புரோகிராமையே ஓடவைக்கலாம் என்கிற அளவுக்குப் பெரிய ஓட்டை. வீட்டுக்குள் யாராவது ஒருவரின் லப்டொப்பில் வைரஸ் ஏறினால் போதும், ரூட்டர் ஒன்றும் செய்யாது. அப்படி ஒன்று ஏப்ரலுக்குப் பிறகு வெளிப்பட்டால் கோருக்குத் திருத்தம் வருமென்று நம்பி இருக்க முடியாது. ஆகவே தொடாமலே விடலாம் என்பதற்கு நான் உடன்பாடில்லை.

அதே நேரம், பொறுத்திருந்ததால் நாங்கள் எதையும் இழக்கவில்லை என்பதையும் பார். ட்ரூநாஸின் லினக்ஸ் பதிப்பு 2022இல் வந்தது. அப்போதே பாய்ந்தவர்கள் தங்கள் செயலிகளையெல்லாம், அப்போது அவற்றை ஓடவைத்த குபர்நெட்டிஸ் முறைக்கு ஏற்றபடி அமைத்தார்கள். 2024 ஒக்டோபரில் 24.10 பதிப்பு வந்தபோது ட்ரூநாஸ்காரர்கள் அதை விட்டு டொக்கர் என்கிற வேறு முறைக்குப் போனார்கள். முதலில் மாறியவர்கள் பலர் அதே வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டி வந்தது. நாங்கள் ஒரே தரம் செய்தால் போதும்.

இன்னொன்று இதைவிடப் பாரதூரமானது. எங்கள் பூல்களுக்கு அடியில் இருக்கிற கோப்பு முறை ஓபன்இசட்எஃப்எஸ். 2023 ஒக்டோபரில் அதன் 2.2.0 வந்தது. அடுத்த மாதமே, பிரதி எடுத்த கோப்புகளில் சில இடங்கள் வெறும் சைபராக நிரம்பியிருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். புதிதாகச் சேர்த்த பிளொக் குளோனிங் (தரவைத் திரும்ப எழுதாமலே பிரதி எடுக்கிற) வசதிதான் காரணமென்று முதலில் நினைத்து 2.2.1இல் அதை நிறுத்தினார்கள். தோண்டிப் பார்த்தால், பிழை பல வருடங்களாகப் பழைய பதிப்புகளுக்குள்ளும் இருந்திருக்கிறது. புதிய வசதி அதை அடிக்கடி வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான். மாதக் கடைசியில் புதியதற்கு 2.2.2, பழையதற்கு 2.1.14 என்று இரண்டுக்கும் திருத்தம் வந்தது. எனக்கு இதில் படுவது இதுதான்: புள்ளி சைபர் பதிப்பை எங்கள் படங்களின் மேல் போட்டுப் பார்க்கக் கூடாது. ஆனால் பழைய பதிப்பில் உட்கார்ந்திருப்பதும் அதற்குத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கிற வரைக்கும்தான் பாதுகாப்பு.

இனி அந்த அப்கிரேட் பட்டன். ஓஎஸ் மாற்றுவதும் பூலை அப்கிரேட் செய்வதும் ஒன்றென்று நினைத்துவிடாதே. ஓஎஸ் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். பூலில் புதிய வசதிகளை இயக்கிவிட்டால், அவற்றை அறியாத பழைய ஓஎஸ் அந்தப் பூலைத் திறக்க மறுக்கலாம். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கட்டளை ஏதும் கிடையாது. அப்கிரேட் செய்யாத பூலோ பழையபடி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். சில வசதிகள் இன்னும் இயக்கப்படவில்லை என்று அது காட்டுவது ஒரு தகவல் மாத்திரமே, பழுது இல்லை.

நீ அதை ஏன் விரும்புகிறாய் என்பது விளங்குகிறது. கோப்புப் பெயர் விவகாரம் எனக்கும் தலையிடிதான். ஸ்கேன் பண்ணிய படங்களுக்குத் தமிழில் முழு விவரமாகப் பெயர் வைக்கிறோம்: யார், எந்த வருடம், எந்தக் கோவிலடி, யார் தந்த படம். பெயருக்கு எல்லை 255 பைட். தமிழில் ஓர் எழுத்துக்குறி 3 பைட், விசிறிக்கும் கொம்புக்கும் தனியாக 3 பைட். 'திருகோணமலை' என்று எழுதினாலே 30 பைட் போய்விடும். ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறவன் ஒரு பந்தி எழுதுகிற இடத்தில் நாங்கள் ஒரு வரியோடு நிற்கிறோம். 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3 அந்த எல்லையை 1023 பைட் ஆக்கியது. எங்களுக்கென்றே செய்தது போன்ற வசதி! ஆனால் நீ அதை இயக்கி ஒரேயொரு நீண்ட பெயர் வைத்தால் போதும், அந்த டேட்டாசெட்டை (பூலின் அந்தப் பிரிவை) என் பழைய பூல் வாங்காது. உன் பிரதி அன்றோடு நின்றுவிடும். இரண்டு பக்கமும் 2.3க்கு வந்து, இரண்டும் சில மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு, ஒரே நாளில் இருவரும் இயக்குவோம். அதற்குப் பிறகு எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் பெயர் வை.

நாலாவது டிஸ்க் போடுவதற்கு முன் ஒன்றைப் பார். உன் பூலை ஃபிரீநாஸ் 11 காலத்தில் பூட்டுப் போட்டு (என்கிரிப்ட் பண்ணி) அமைத்ததாக எனக்கு ஞாபகம். அந்தப் பூட்டு கெலி என்கிற ஃபிரீபிஎஸ்டி முறை. லினக்ஸில் அது திறக்காது. இசட்எஃப்எஸ்ஸின் சொந்தப் பூட்டு 12இல்தான் வந்தது. உன்னுடையது கெலியாக இருந்தால், நீ ஓஎஸ் மாற்றிய மறு நிமிடம் உன் டிஸ்க்குகள் உனக்கே அந்நியம். அப்படியென்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பூலைப் புதிதாக அமைத்துத் திரும்ப நிரப்ப வேண்டியிருக்கும். அதில் ஒரு நல்லதும் இருக்கிறது. புதிதாக அமைக்கும்போதே நாலு டிஸ்க்கையும் வைத்து அமைக்கலாம். பிறகு விரிவாக்கம் செய்தால், முன்பு எழுதிய தரவு திரும்ப எழுதப்படும்வரை பழைய மூன்று டிஸ்க் விகிதத்திலேயே கிடக்கும். அந்த இழப்பு உனக்கு இராது.

என் பக்கம் நாள் பார்த்துவிட்டேன். இப்போது வாடைக்காற்று. மழை வந்தால் கரண்ட் போகும், யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த அளவுக்கு இல்லை என்றாலும், நடுவில் நின்றால் நடுவில் நின்றதுதான். மாசியில் சிவராத்திரி, அதன் பிறகு கோணேசர் நகர்வலம். அந்த நாட்களில் வீடியோ கேட்டு ஆட்கள் வருவார்கள், புதிதாக எடுத்ததும் சேரும், பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சித்திரைக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கினால் அறை கொதிக்கும். முழுப் பூலையும் ஸ்க்ரப் பண்ணுகிற (எல்லாத் தரவையும் வாசித்துப் பிழை பார்க்கிற) நேரத்தில் டிஸ்க்குகளின் சூட்டைப் பார்த்தால் பயம் வரும். இடையில் கிடைப்பது பங்குனிதான். ஏப்ரல் 30க்கும் இடம் இருக்கிறது.

போன கிழமை பெட்டியைத் திறந்து துடைத்தேன். கடற்காற்று ஸ்க்ரூத் தலைகளைத் துருவேற்றியிருக்கிறது. ஃபான் இதழ்களில் தூசி உப்போடு சேர்ந்து பசையாகப் படிந்து, உலர்ந்த துணிக்கு வரவில்லை. டிஸ்க்குகள் தங்கள் நிலையைச் சொல்கிற ஸ்மார்ட் அறிக்கை சுத்தம், ஸ்க்ரப்பிலும் ஒரு பிழையும் இல்லை. ஒரு சின்ன புது எஸ்எஸ்டி வாங்கி வைத்திருக்கிறேன். பங்குனியில் உனக்கு முழுப் பிரதி போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, கொன்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்பை அதன் ரகசியச் சாவியோடு (சீக்ரெட் சீட்) சேர்த்து இறக்கி வைத்துவிட்டு, ஓஎஸ் இருக்கிற பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி லாச்சிக்குள் போடுவேன். புதியதில் ட்ரூநாஸைப் போட்டு, கொன்ஃபிக்கை ஏற்றி, பூலை இம்போர்ட் பண்ணுவேன். சரிவராவிட்டால் பழையதைத் திரும்பக் கொழுவினால் முடிந்தது. நெட்வேர்க் கார்டின் பெயர் லினக்ஸில் வேறாக இருக்கும், ஐபி முகவரியை ஒருவேளை திரும்பக் கொடுக்க வேண்டிவரும். அதற்காகப் பக்கத்தில் ஒரு மொனிட்டரும் கீபோர்டும் இருக்கும். கோரில் செயலிகளை ஓடவிட்ட ஜெயில்கள் (தனித்தனி அறைகள்) வராது. வீடியோ பார்க்க வைத்திருக்கிற என் ஜெலிஃபின் செயலியை டொக்கரில் புதிதாகத்தான் அமைக்கப் போகிறேன், நூலகத்தை அது திரும்ப வாசிக்க ஓர் இரவு எடுக்கட்டும்.

நான் முதலில் மாறுகிறேன். நீ உன் கோரை அப்படியே ஓடவிடு, எனக்கு ஒரு மாதம் சரியாக ஓடினால் சித்திரையில் நீ தொடங்கு. பிந்தினாலும் ஏப்ரல் கடைசிக்குள் முடித்துவிடலாம். இடையில் சின்னப் பாதுகாப்புத் திருத்தம் ஏதாவது வந்தால் அதற்கெல்லாம் என்னைக் காத்திருக்க வேண்டாம், உடனே போடு.

இந்தக் கிழமைக்குள் எனக்கு இரண்டு விஷயம் எழுது: உன் பூல் கெலியா இல்லையா, பழைய மூன்று டிஸ்க்கையும் வெறுமையாக்க வேண்டி வந்தால் தரவை இறக்கி வைக்க உன்னிடம் இடம் இருக்கிறதா. இல்லையென்றால் என்னிடமுள்ள பிரதியை ஒரு டிஸ்க்கில் எடுத்து, பங்குனியில் உங்கள் பக்கம் வருகிற மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். நெட்டில் அனுப்பினால் மாதக்கணக்கில் இழுக்கும். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். அம்மா உன் அம்மாவின் சுகத்தை விசாரித்து எழுதச் சொன்னா.

அன்புடன்,
உன் நண்பன்